ஒன்பதாவது கடப்பாரை

ஏசுதாசன் மேஸ்திரி ஒரு சட்டம் வைத்திருந்தார். அது ரயில்வேயின் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கேங்கில் ஒன்பது பேர் தண்டவாளத்தின்மேல் குனிந்து கடப்பாரையால் ஜல்லியைக் குத்திக்கொண்டிருக்கும்போது, பத்தாவதாக ஒருவன் நிமிர்ந்து நிற்க வேண்டும். கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி. வண்டி வருகிறதா என்று பார்ப்பது ஒன்றே அவன் வேலை. அந்தப் பத்தாவது ஆளுக்கு, குனிந்திருக்கும் ஒன்பது பேரில் ஒருவனாவது சொந்தக்காரனாக இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

"கூலிக்குக் காவல் நிக்கறவன் கண்ண மூடுவான்யா," என்பார் மேஸ்திரி. "தன் வூட்டு ஆளு லைன்ல கீறான்னா மூட மாட்டான்."

எழுபத்திரண்டில் குரோம்பேட்டைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் அடிபட்டுச் செத்திருந்தார்கள். அன்று விசில் வைத்திருந்தவன் நாதியற்றவன். பீடி பற்றவைக்கத் திரும்பினானாம். அந்த இரண்டு பேரையும் கோணியில் அள்ளியவர்களில் ஏசுதாசனும் ஒருவர். மேஸ்திரியானதும் அவர் முதலில் போட்ட சட்டம் இது. பதினைந்து வருஷமாக அவருடைய கேங்கில் ஒரு ஆளுக்குக் கட்டைவிரல்கூட நசுங்கவில்லை. மற்ற கேங்குக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

பக்தவச்சலத்திடம் விசில் வந்தது எண்பத்து நாலில். அவன் தங்கை தனத்தின் புருஷன் கோதண்டம் கேங்கில் சேர்ந்த அன்றே மேஸ்திரி பக்தவச்சலத்தின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டு விசிலை மாட்டிவிட்டார்.

"பல்லுல கடிச்சிகினே இருக்கணும். கையில புடிச்சிகினு இருக்கற விசில் நேரத்துக்கு வாய்க்கு வராது."

பக்தவச்சலம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தனத்தைக் கரையேற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தான். அவளைக் கரையேற்றியபோது தனக்கு நாற்பது வயதாகிவிட்டதைக் கவனித்தான். பொழிச்சலூரில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் தனமும் கோதண்டமும் அவர்களுடைய பெண் குழந்தையும்; மற்றதில் அவன். தலைக்கு மேலே விமானம் தாழப் போகும்போது இரண்டு அறைகளிலும் பாத்திரங்கள் ஒரே சமயத்தில் நடுங்கும். குழந்தை ஓடிவந்து மாமனின் காதைப் பொத்தும். தன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.

தனம் தன் புருஷனிடம் ஜாக்கிரதை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணனிடம்தான் சொல்வாள்.

"அதுகிட்ட சொன்னா பல்லக் காட்டும். ஒங்கிட்ட சொல்றேன். முழுசா கூட்டிகினு வா."

"முழுசா தாம்மா கூட்டியாறேன்."

இந்தப் பேச்சு தினமும் காலையில் நடந்தது. நாளாக நாளாக அது பேச்சாக இல்லாமல், வாசலில் செருப்பு மாட்டுவதுபோல ஒரு காரியமாகிவிட்டது. ஆனால் பக்தவச்சலத்துக்கு அந்த 'முழுசா' மட்டும் பழகவில்லை. தண்டவாளத்தில் வேலை செய்கிறவன் முழுசாக இல்லாமல் வருவது எப்படி என்று அவன் எழுபத்திரண்டில் பார்த்திருந்தான்.

கோதண்டம் நல்ல வேலைக்காரன். அதுதான் தொல்லை. எல்லாரும் விலகிய பிறகும், அரைகுறையாக விட மனசில்லாமல் இன்னும் ஒரு குத்து குத்திவிட்டு வருவான். அதனால் பக்தவச்சலம் அவனை எப்போதும் தன் பக்கத்து முனையில், இருபதடிக்குள், நிற்கவைத்தான். அது போதாமல் நாளுக்கு நாற்பது தடவை கூப்பிட்டான். "மாப்ளே, தண்ணி குடி." "மாப்ளே, அந்தாண்ட வா." "மாப்ளே, போதும் வுடு." ஒவ்வொரு தடவையும் பல்லிலிருந்து விசிலை எடுத்துவிட்டுக் கூப்பிட வேண்டும், பிறகு கடித்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரி அதைக் கவனித்தாரோ இல்லையோ, ஒன்றும் சொன்னதில்லை.

எலியேசர்தான் சொல்வான். ஒன்பதாவது கடப்பாரை அவனுடையது. நெட்டையான ஆள், அனகாபுத்தூரிலிருந்து வருவான், சட்டையைக் கழற்றி நாலாக மடித்து ஒரு கல்லை மேலே வைத்துவிட்டுத்தான் வேலையில் இறங்குவான். பேச்சுச் சத்தம் இல்லாமல் வேலை செய்யப் பிடிக்கும் என்று கடைக்கோடியில் போய் நின்றுகொள்வான். சாப்பாட்டு வேளையில் மட்டும் வாயைத் திறப்பான்.

"பக்தா, ஒன் மாப்ளைக்குத் தலை தீவாளி முடிஞ்சு நாலு வருசம் ஆச்சுபா. இன்னும் இன்னா தாங்கு தாங்குன்னு தாங்கற?"

"ஒனக்கு மச்சான் கெடையாது. வயித்தெரிச்சல்."

"இருந்தா இப்டி கத்துவானா? நீ போடற மாப்ளேல எங்க காதெல்லாம் செவுடாப் போச்சு. கோதண்டமே இப்பல்லாம் திரும்பறதில்ல, பாத்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். கோதண்டமும் சிரித்தான். அது உண்மைதான். பக்தவச்சலத்தின் 'மாப்ளே' அந்த லைனில் காக்கைச் சத்தம்போல ஆகிவிட்டிருந்தது.

எண்பத்தேழு ஐப்பசியில் தனத்துக்கு இரண்டாவது பிரசவம். முந்தின நாள் இரவே வலி கண்டு தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. விடிந்தும் பிறக்கவில்லை. நர்ஸ் இன்னும் நேரமாகும் என்றாள். கோதண்டம் வராந்தாவில் நின்றபடியே இருந்துவிட்டு, காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

"இன்னிக்கு லீவு போடு மாப்ளே."

"இங்க நின்னு நான் இன்னா பண்ணப் போறேன் மச்சான். நின்னா பயமா கீது."

தனம் கட்டிலிலிருந்து அண்ணனைத்தான் பார்த்தாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவளால் முடியவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

திரிசூலம் ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி வேலை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் விமான நிலையத்துச் சுவர். விமானச் சத்தம் வந்தால் வேறு எந்தச் சத்தமும் காதில் விழாது என்பதால் அங்கே தனி வழக்கம் ஒன்று உண்டு. விமானம் கிளம்பும் இரைச்சல் தொடங்கியதுமே விசில் ஊத வேண்டும். ஒன்பது பேரும் கடப்பாரையைத் தடத்துக்கு வெளியே கல்லில் போட்டுவிட்டு இறங்கி நிற்க வேண்டும். இரைச்சல் அடங்கிய பிறகு மறுபடி ஏறலாம். அன்று மேகம் தாழ்ந்து தூறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நாலு தடவை இறங்கி ஏறியாகிவிட்டது.

பதினொரு மணி இருக்கும். கோதண்டம் கடப்பாரையின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். நின்றபடியே அவன் தலை மெல்லச் சரிந்தது. தூங்கிவிட்டான். ஒரு கணம்தான், உடனே விழித்துக்கொண்டு குத்தினான். மறுபடி சரிந்தான். பக்தவச்சலம் அவனையே பார்த்தான். அவனை அனுப்பிவிடலாமா, மேஸ்திரியிடம் சொல்லலாமா, சொன்னால் அரைநாள் சம்பளம் போகுமே, இந்நேரம் குழந்தை பிறந்திருக்குமா, தனம் எப்படி இருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்பது பிற்பாடு அவனுக்கே பெரிய கேள்வியாகிவிட்டது. ராத்திரிகளில் அந்த நேரத்தை அளந்து பார்ப்பான். ஒருநாள் அது பத்து மூச்சு இருக்கும், ஒருநாள் ஐம்பது.

விமான இரைச்சல் தொடங்கியதை அவன் காது கேட்டது. மனசு கேட்கவில்லை.

தலையைத் திருப்பியபோது தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார வண்டி வந்துகொண்டிருந்தது. வந்துவிட்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதை விமானம் விழுங்கிவிட்டது. விசில் பல்லில்தான் இருந்தது. ஊதினால் போதும். அவன் வாயைத் திறந்தான். விசில் விழுந்து கயிற்றில் தொங்கியது.

"மாப்ளே!"

நாற்பது தடவை கூப்பிட்ட அதே வார்த்தைதான். இருபதடியில் இருந்த கோதண்டம் மட்டும் அந்தக் குரலில் இருந்ததைத் தெரிந்துகொண்டான். திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் பாய்ந்தான். அவன் பாய்ந்ததைப் பார்த்து அடுத்தவன் பாய்ந்தான். அவனைப் பார்த்து அதற்கடுத்தவன். எட்டுப் பேர் அப்படி விழுந்தார்கள். கடைக்கோடியில் எலியேசர் சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான். அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்ததா என்பது யாருக்கும் தெரியாது. விழுந்திருந்தாலும் அது அவனைக் கூப்பிட்டதல்ல.

மடித்த சட்டை கல்லுக்கு அடியில் அப்படியே இருந்தது. தூறலில் நனைந்துகொண்டிருந்தது.

அன்று மத்தியானம் தனத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. பக்தவச்சலம் மறுநாள்தான் போனான். யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைத் தவிர. அவள் அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சொன்னாப்பல முழுசா கூட்டியாந்துட்ட. ஒம் பேரையே வெச்சிடலாம்ணா."

"வேணாம்மா."

"ஏன்?"

"வேணாம்."

குழந்தையைக் கையில் கொடுக்க வந்தாள். அவன் கை கழுவவில்லை என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனான். அங்கே கோதண்டம் நின்றிருந்தான். இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராகச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் நின்றார்கள்.

"மச்சான்," என்றான் கோதண்டம் கடைசியில். "எனக்கு விசில் கேக்கல."

பக்தவச்சலம் படியிறங்கிப் போனான். கோதண்டம் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விசாரணை நடந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். மேஸ்திரி முதலில் போனார். விசில் சத்தம் தன் காதில் விழுந்ததாகச் சொன்னார். அவர் சொன்ன பிறகு வேறு யாரும் வேறு மாதிரி சொல்ல வழியில்லை. கோதண்டமும் தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னான். விசில் ஊதப்பட்டது, இறந்தவர் கவனிக்கவில்லை என்று எழுதி மூடினார்கள்.

பக்தவச்சலம் மேஸ்திரியின் எதிரில் போய் நின்றான். "நான் ஊதல மேஸ்திரி."

மேஸ்திரி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியும். எலியேசர் கர்த்தர்கிட்ட போய்ட்டான். அவருக்கு இந்தப் பேப்பர் தேவப்படாது. ஒனக்குத் தேவப்படும். அவன் சம்சாரத்துக்கு வேலை வரும், எழுதிப் போட்டாச்சி. போய் வேலயப் பாரு."

"விசில வாங்கிக்குங்க."

"யாருக்குக் குடுக்கறது? ஒன் மாப்ள இங்கதான கீறான்?"

அவர் குரலில் கேலி இல்லை. அவரால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. பதினைந்து வருஷம் ஒரே கல்லின்மேல் கட்டியிருந்தார். அந்தக் கல்லை உருவ அவருக்குத் தைரியம் இல்லை. பக்தவச்சலத்துக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. யார்மேலாவது கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அன்றிலிருந்து அவன் லைனில் 'மாப்ளே' என்று கூப்பிடுவதை விட்டான். வீட்டிலும் குறைந்துபோயிற்று. சாப்பாட்டு வேளையில் கோதண்டம் ஒரு பக்கம் உட்கார்ந்தான், அவன் ஒரு பக்கம் உட்கார்ந்தான். தனம் வாசலில் சொல்வதை நிறுத்தவில்லை. இப்போது அதை நம்பிக்கையோடு சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

பதினாலு மாதம் கழித்து, ஒரு தைமாதத் திங்கட்கிழமை, எலியேசரின் மனைவி ரத்தினபாய் கேங்கில் வேலைக்கு வந்தாள். ஒடிசலான பெண். புருஷனுடைய சட்டையைப் புடவைக்கு மேலே போட்டு, கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். ஆபீஸ் வேலை காலியாக இல்லை, இதுதான் இருக்கிறது என்றார்களாம். இரண்டு பிள்ளைகள். மேஸ்திரி அவளுக்கு லேசான கடப்பாரையாகப் பார்த்துக் கொடுத்தார். எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் வரிசையைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த கடைக்கோடிக்குப் போய் நின்றாள். அந்த ஒன்பதாவது இடத்தில் தற்காலிகமாக வந்துபோன யாரும் நிலைக்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் தண்ணீர்ப் பானைக்கு அருகில் பக்தவச்சலம் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் வந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். போகவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்."

அவன் எழுந்து நின்றான்.

"விசில் ஊதியும் அவர் கவனிக்கலன்னு பேப்பர்ல போட்டிருக்கு. கதவு தாழ்ப்பாப் போட்டாச்சான்னு ரெண்டு தரம் எழுந்துபோய்ப் பாக்கற மனுசன் அவர். அடுப்ப அணைச்சியா அணைச்சியான்னு உயிர எடுப்பார். அவருக்கு எப்டிக் கேக்காமப் போச்சின்னு நானும் யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன். நீங்க நல்லாத்தான ஊதினீங்க?"

அவள் குரலில் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பானோ என்னவோ. தடத்தில் ஒரு வண்டி வந்து, பெட்டி பெட்டியாகக் கடந்து போயிற்று. கடைசிப் பெட்டி போய், தண்டவாளத்தின் அதிர்வு அடங்கி, எங்கோ மலையடியில் கல் உடைக்கும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்வரை இருவரும் நின்றார்கள்.

"ஊதல," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள்.

"அப்ப மத்தவங்கல்லாம் எப்டித் தப்பிச்சாங்க?"

"கோதண்டத்தக் கூப்ட்டேன். அவன் குதிச்சான். அவனப் பாத்து ஒவ்வொருத்தரா குதிச்சாங்க. எலியேசர் அந்தாண்ட திரும்பிகினு இருந்தான்."

"பேர் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"மாப்ளேன்னு."

ரத்தினபாய் திரும்பி, தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதண்டத்தைப் பார்த்தாள். முதல்முறையாகப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள்.

"அவருக்கு எத்தன குழந்தைங்க?"

"ரெண்டு. சின்னவன் அன்னிக்குத்தான் பொறந்தான்."

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. கணக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதிக் குடுத்துடறேன்மா," என்றான். "இத்தன நாள் குடுக்காம இருந்ததே..."

"எழுதிக் குடுத்தா உங்க வேல போகும். போனா யாருக்கு என்ன?" அவள் சட்டைக் கையை இறக்கி, மறுபடி மடித்தாள். "எழுத வேணாம். வீட்டுக்கு வாங்க. வந்து என் பெரியவன்கிட்ட சொல்லுங்க."

"பையன்கிட்டயா?"

"தாவீதுக்குப் பதினொண்ணு முடியப் போவுது. தம்பியக் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவான். ரோடு தாண்டறப்ப அவன்கிட்ட என்ன சொல்றான் தெரியுமா? 'அப்பா மாதிரி பராக்குப் பாக்காத'ன்னு சொல்றான்."

பக்தவச்சலம் கொடிக்கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் எதிரில் நிற்பதை இத்தனை மாதம் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறான். இதை நினைத்ததில்லை. ஒரு பையன் எதிரில் உட்கார்ந்து எந்த வார்த்தையில் தொடங்குவது? அவன் கேட்பான். ஏன் எங்க அப்பாவைக் கூப்பிடவில்லை என்று கேட்பான்.

"ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சா வீட்லதான் இருப்போம். அனகாபுத்தூர்ல எலியேசர் வீடுன்னா சொல்லுவாங்க."

"வரேன்."

"வரணும்."

மேஸ்திரி கையைத் தட்டினார். ஒவ்வொருவராக எழுந்து தடத்துக்குப் போனார்கள். ரத்தினபாயும் போனாள். நாலடி போய்த் திரும்பி நின்றாள்.

"எனக்கு இங்க சொந்தக்காரங்க யாரும் இல்ல," என்றாள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னாள்.

பக்தவச்சலம் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டான். வழக்கமாக நிற்கும் மேட்டில் ஏறினான். அங்கிருந்து பார்த்தால் முதலில் கோதண்டத்தின் முதுகு தெரியும். நாலு வருஷமாக அந்த முதுகைப் பார்த்தபடிதான் நின்றிருக்கிறான். கடைக்கோடியில் அந்தப் பெரிய சட்டை குனிந்து நிமிர்வதும் தெரிந்தது. அதைப் பார்க்க ஆரம்பித்தால் இனி அதையே பார்த்துக்கொண்டிருப்போம் என்று அவனுக்குப் பட்டது. மேட்டிலிருந்து இறங்கினான். முதல் கடப்பாரையிலிருந்து கடைசிக் கடப்பாரை வரை நடந்துபோய், ரத்தினபாய்க்கும் அப்பால் பத்தடி தள்ளி, ஒன்பது பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு தாம்பரத்தைப் பார்த்து நின்றான்.

"இன்னாபா, அங்க போய் நிக்கற?" என்று மேஸ்திரி கேட்டார். அவன் திரும்பவில்லை.

தண்டவாளம் வெயிலில் நீண்டு கிடந்தது. அதன் கடைசியில் ஒன்றும் இல்லை. இல்லை என்பதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அப்பால் விமானம் ஒன்று உறுமத் தொடங்கியது. இன்னும் தரையில்தான் இருந்தது. சத்தம் பெரிதாகவில்லை. அவன் ஊதினான். மூச்சு தீரும்வரை ஊதினான்.

திரும்பிப் பார்க்கக் கூடாது. காதால் எண்ணினான். கல்லின்மேல் இரும்பு விழும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. எது கோதண்டத்தினுடையது என்று தெரியவில்லை. ஆறு, ஏழு. எட்டு.

விமான இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. அவன் கண்ணை எடுக்காமல் மறுபடி ஊதினான்.

புது ஆள். கொஞ்சம் தாமதமாக, ஒன்பதாவது விழுந்தது.